ஸ்பெயின் பயணமா? நாக்கு நுனியில் நாலு வார்த்தை!

மாட்ரிட், செவில் போன்ற ஊர்களில் சின்னக் கடைகளில் பல நேரம் ஆங்கிலம் எடுபடாது. கிளம்பும் முன் இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

1. கடைக்குள் நுழைந்ததும் 'ஓலா' சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

2. மதியச் சாப்பாடு வரை 'புவேனோஸ் தியாஸ்', பிறகு 'புவேனாஸ் தார்தேஸ்', இருட்டியபின் 'புவேனாஸ் நோச்சேஸ்' சொல்லுங்கள். அங்கே மதியச் சாப்பாடு 2 மணி வாக்கில்தான். 12 மணிக்கே மாற்ற வேண்டாம்.

3. எதைக் கேட்டாலும் 'போர் ஃபபோர்' சேருங்கள். கைக்கு வந்ததும் 'கிராசியாஸ்' சொல்லுங்கள். தயவும் நன்றியும் இந்த இரண்டிலேயே அடங்கிவிடும்.

4. யாரையாவது இடித்துவிட்டால் 'பெர்தோன்' சொல்லுங்கள். கூட்டத்தில் வழி விடச் சொல்லவும் இதே சொல் போதும்.

5. பெரியவர்களிடம் 'கோமோ எஸ்தா?' என்றும், சம வயதினரிடம் 'கோமோ எஸ்தாஸ்?' என்றும் நலம் விசாரியுங்கள். கடைசியில் 'ஸ்' சேர்ந்தால் 'நீ' என்று ஒருமையாகிவிடும்.

6. சந்தையில் மீன், பழக் கடைகளில் 'எல் உல்திமோ?' என்று கேளுங்கள். வரிசை இல்லாததுபோல் தெரியும். கடைசியாக வந்தவர் கை காட்டுவார், அவருக்கு அடுத்து நீங்கள்.

7. சாப்பிட்டதும் 'லா குவெந்தா, போர் ஃபபோர்' என்று பில் கேளுங்கள். பெரும்பாலும் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள்.

8. வேகமாகப் பேசினால் 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபபோர்' என்று சொல்லுங்கள். நிறுத்தி, மெதுவாகச் சொல்வார்கள்.