டோரண்ட்டில் எடுப்பதும் கொடுப்பதும்

இந்தத் தடவை கணினிப் பாடம். சமய வகுப்பு முடிந்து கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசுவோமே, அந்த மாதிரியே எழுதுகிறேன்.

முதல் வருஷம் விடுதியில் என் இணையத்தை இரண்டு வாரம் வெட்டிவிட்டார்கள். அதுவும் பாடப்பதிவு நடக்கிற நேரத்தில்! காரணம் ஒரு தமிழ்ப்படம். டோரண்ட்டில் இறக்கிவிட்டு, மடிக்கணினியை அணைக்காமல் தூங்கிப்போனேன். "ஒரு படம்தானே எடுத்தேன்" என்றேன். அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். எடுத்ததைவிடப் பல மடங்கு என் கணினி விடிய விடிய வெளியே கொடுத்திருந்தது. இணைப்பு வாங்கும்போதே மெட்ரிக் எண்ணோடு கணினியின் முகவரியும் பதிவாகிவிடுவதால் மறுக்கவும் வழியில்லை. லாபு பக்கத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? இன்னும் சொல்லவில்லை.

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறோம். 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட், கோப்பைச் சின்னத் துண்டுகளாக்கும். ஒரு துண்டு நம்மிடம் வந்து சேர்ந்ததுமே, கேட்கிற அடுத்தவருக்கு நம் கணினி அதை அனுப்பத் தொடங்கிவிடும். பந்தியில் சாப்பிட உட்கார்ந்தவரே பக்கத்து இலைக்குப் பரிமாறுவது போல. ஆகவே நாம் வாங்குபவர் மட்டுமில்லை, விநியோகிப்பவரும்கூட. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, திருட்டுப் பிரதியை விநியோகித்தால் ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு இரண்டு வாரத்தோடு போனது.

ஆனால் டோரண்ட்டையே மொத்தமாக அடைப்பது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. உபுண்டுவை அதன் வெளியீட்டாளர்களே டோரண்ட்டிலும் தருகிறார்கள். அதை இறக்க என் அறைத்தோழன் மாமாக் கடை வைஃபையைத் தேடிப் போனான்.

சரி, தேவாரத்தைப் பகிரலாமா? சம்பந்தர் பாடி 1,300 வருஷத்துக்கு மேலாச்சு. பாடலுக்கு யாரும் உரிமை கோர முடியாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் தட்டச்சு செய்த திருமுறைகள் இருக்கின்றன. முகப்புப் பக்கத்தை மாற்றாமல் யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் அதே பதிகத்தை ஓர் ஓதுவார் பாடி வெளியிட்ட சிடி வேறு விஷயம். பாடியவருக்கும் பதிவு செய்தவருக்கும் அதில் உரிமை உண்டு. பக்திப் பாட்டுதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

போன மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வகுப்புக்கு ஒரு பென்டிரைவ் தயார் செய்தேன். "அண்ணே, சிடி பாட்டையும் ஏத்திக் கொடுங்கண்ணே" என்றாள் ஒரு தங்கச்சி. ஏற்றவில்லை. பிள்ளைகளையே பாடவைத்து என் போனில் பதிவு செய்தோம். சுருதி சேரவில்லை, நடுவில் நாய் குரைக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.