ஒரு பாட்டு, இரண்டு ஒலிப்பதிவுகள்



லெட் ஸெப்பெலின் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் பெயரை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். ஜிம்மி பேஜ், ராபர்ட் பிளாண்ட், ஜான் பால் ஜோன்ஸ், ஜான் பான்ஹம் ஆகிய நால்வர் 1968-ல் சேர்ந்து அமைத்த குழு அது. டிரம் வாசித்த பான்ஹம் 1980-ல் இறந்ததும் குழு கலைந்தது. அவர்கள் இசையை ‘வெறும் இரைச்சல்’ என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்களோடு வழக்காட நான் வரவில்லை; சில பாடல்களைக் கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆயினும், 1971 நவம்பரில் வெளிவந்த அவர்களது நான்காவது இசைத்தட்டின் கடைசிப் பாடலை மட்டும் இங்கே பாடமாக எடுத்துக் கொள்வோம். ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ என்பது அதன் பெயர். ஆற்றின் கரை உடையும்போது என்று பொருள்.

எந்த ஆறு? அமெரிக்காவின் மிசிசிப்பி. அதன் இரு மருங்கிலும் வெள்ளத்தைத் தடுக்க மண்ணால் உயர்ந்த கரைகள் எழுப்பியிருந்தனர். 1927-ல் மாதக்கணக்கில் பெய்த மழையால் ஆறு பெருகியது. ஏப்ரல் 21 அன்று கிரீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லாண்டிங் என்னும் இடத்தில் கரை உடைப்பெடுத்தது. அவ்வாண்டின் வெள்ளத்தில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் நிலம் நீரில் மூழ்கியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள். வெள்ளையர் பலர் படகேறித் தப்பினர். கறுப்பின ஆண்களையோ கரையைவிட்டு நகர விடாமல் மணல் மூட்டை சுமக்க வைத்தனர்.

இந்தத் துயரம் பாட்டாகப் பிறந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் வளர்த்த ‘புளூஸ்’ என்னும் பாட்டு முறை பெரும்பாலும் மூன்றடியால் ஆனது. முதலடியை இருமுறை பாடுவர். மூன்றாம் அடி அதற்கு விடைபோல் வந்து முடியும். 1929 ஜூனில் நியூயார்க்கில் இப்பாட்டை இசைத்தட்டில் பதிந்தவர்கள் கான்சஸ் ஜோ மெக்காய், அவர் மனைவி மெம்பிஸ் மின்னி என்ற இருவர். பாடியது ஜோ. கிட்டார்கள் இரண்டு, துள்ளி முன்னே ஓடும் விரல் வேலை மின்னியுடையது. அந்நாளைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகவே இடம் இருந்தது. வீடு போனவனின் கதை முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும், அடங்கியும் இருக்கிறது. அழுகுரல் எழுப்பாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொல்கிறார் ஜோ. எனக்கு அதுதான் அதிகம் உறைக்கிறது.

இனி 1971-ன் தொடக்கத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்றொரு பழைய கல்வீடு இருக்கிறது. 1795-ல் ஏழையரைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதியாகக் கட்டப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகாமல் நால்வரும் இங்கே வந்து தங்கி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்திக் கொண்டார்கள். பான்ஹமின் டிரம்களை மாடிப்படிகள் சுற்றி ஏறும் உயர்ந்த கூடத்தின் அடித்தளத்தில் வைத்தனர். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு மைக்குகளை மேல்மாடிப் படிக்கட்டில் தொங்கவிட்டார்.

ஏன் அவ்வளவு உயரத்தில்? இயற்பியல் பாடத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். எதிரொலி தனியாகக் காதில் விழ வேண்டுமானால் அது பத்தில் ஒரு வினாடியாவது தாமதித்து வரவேண்டும். அதாவது சுவர் 17 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். அந்தக் கூடத்தின் சுவர்கள் அதைவிட நெருக்கமானவை. ஆகவே திரும்பி வரும் ஒலிகள் தனித்தனியே கேளாமல் முதல் அடியோடு கலந்து அதை நீட்டித்துப் பெருக்குகின்றன. இதுவே எதிர்முழக்கம். டிரம்மின் அருகில் மைக்கை வைத்தால் தோலின் ஒலி மட்டும் கிடைக்கும். மேலே வைத்ததால் கட்டடமே வாத்தியமாயிற்று. இதற்கு மேல், எதிரொலி தரும் இத்தாலியக் கருவி ஒன்றையும் சேர்த்தார்கள். பின்னர் ஒலிநாடாவின் வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும். ஒலி தாழ்ந்து கனக்கும். மவுத்தார்கன்கூட ஏதோ பெரிய மிருகம் மூச்சு விடுவதுபோல் கேட்பது அதனால்தான். ஏழு நிமிடம் ஓடும் இப்பதிவில் பாடுபவர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறார். டிரம்மோ வெள்ளமாகவே வருகிறது. அந்த ஒலியைப் பிற்காலத்தில் எத்தனையோ பேர் தங்கள் பாடல்களுக்கு அப்படியே எடுத்துக் கொண்டார்கள்.

எடுத்துக் கொள்வது என்றதும் ஒரு கேள்வி எழுகிறது. இந்தப் பாட்டு யாருடையது? புளூஸ் பாடகர்கள் ஒருவர் அடியை மற்றவர் எடுத்தாள்வது வழக்கம். அங்கே அது குற்றமன்று. ஆனால் தட்டு விற்று உரிமைத் தொகை வரும் இடத்தில் பெயர் என்பது பணம். 1969-ல் இக்குழு வெளியிட்ட ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டின் வரிகளில் பல, வில்லி டிக்சன் எழுதி 1962-ல் மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டை ஒத்திருந்தன. தட்டில் டிக்சன் பெயர் இல்லை. அவர் 1985-ல் வழக்குத் தொடர்ந்தார். 1987-ல் சமரசம் ஆயிற்று. இப்போது அப்பாட்டின் கீழ் அவர் பெயரும் அச்சாகிறது. பதினாறு ஆண்டுகள் கழித்துக் கேட்டுப் பெற்ற பெயர்!

நம் பாட்டின் கதை சற்றே மேல். 1971-ஆம் ஆண்டுத் தட்டிலேயே நால்வர் பெயரோடு மெம்பிஸ் மின்னியின் பெயரும் இருந்தது. பாடிய ஜோவின் பெயர் இல்லை. அவர் 1950-லேயே இறந்துவிட்டார். டிரம்மும் படிக்கட்டும் அந்த நால்வரின் படைப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜோவை விட்டது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

மின்னி யார்? 1897-ல் பிறந்த அவருடைய இயற்பெயர் லிஸ்ஸி டக்ளஸ். சிறுமியாக இருந்தபோதே கிட்டார் கற்று, மெம்பிஸ் நகரத் தெருக்களில் வாசித்துப் பிழைத்தார். பெண்கள் பாடலாம், கிட்டார் ஆண்களுக்குரியது என்றிருந்த காலத்தில் சிகாகோவின் ஆண்களுக்கு ஈடாக மின்கிட்டார் வாசித்தார். ஏறத்தாழ 200 பாடல்களைப் பதிவு செய்தார். 1960-ஐ ஒட்டிப் பக்கவாதம் தாக்கியது. அந்த நான்காவது இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றுக் கொண்டிருந்தபோது அவர் மெம்பிஸில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில், வறுமையில், பேச இயலாதவராய் இருந்தார். 1973 ஆகஸ்டில் காலமானார். அவருடைய கல்லறைக்கு 1996 வரை கல் இல்லை. அவ்வாண்டு அதற்குப் பணம் கொடுத்தவர் பானி ரெய்ட். அவரும் கிட்டார் வாசிக்கும் ஒரு பெண்.

இரண்டு பதிவுகளும் இன்று எளிதில் கிடைக்கின்றன. விடுமுறையில் கேட்பவர்கள் 1929-ஆம் ஆண்டுப் பதிவை முதலில் கேளுங்கள். மற்றதைக் கேட்கும்போது வீட்டில் பெரியவர்கள் உறங்காத நேரமாகப் பார்த்துக் கொள்ளுங்கள்.