எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும்

அன்புள்ள கயல்,

அக்கா குழந்தைக்கு நீயே நாப்பி தைக்கப்போவதாக அம்மா சொன்னாள். துணி வெட்டுவதும் உறிஞ்சும் அடுக்குகளைச் சேர்ப்பதும் உனக்கு எளிதாகவே வரும். கையைச் சோதிப்பது விளிம்புதான். நடுவில் மடிப்புக் கோடு ஓடும் எலாஸ்டிக் நாடாவை (கடையில் ஃபோல்டு ஓவர் எலாஸ்டிக் என்று கேள், 16 மி.மீ. அகலம் போதும்) துணியின் ஓரத்தைக் கவ்வும்படி மடித்துச் சுற்றிலும் தைக்க வேண்டும். புதிதாகத் தைப்பவர்கள் பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதை ஒரே சீராக இழுத்துப் பிடிப்பார்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் ஒழுங்காக இருக்கும், குழந்தைக்குக் கட்டினால் சரிவராது. ஓரம் தொடையில் செய்யும் வேலை வேறு, வயிற்றில் செய்யும் வேலை வேறு. ஆகவே இழுவையும் இடத்துக்கு இடம் மாறித்தான் ஆக வேண்டும்.

தொடையைச் சுற்றிவரும் ஓரம் உள்வளைவாக வெட்டப்பட்டது. குழந்தை உதைக்க உதைக்க அங்கே இடைவெளி திறந்து மூடும். அந்த அசைவோடு சேர்ந்து சுருங்கி விரியும் ஓரம்தான் ஒழுக்கை நிறுத்தும். அதனால் துணி 24 செ.மீ. நீளமுள்ள இடத்துக்கு எலாஸ்டிக் 16 செ.மீ., அதாவது மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கில் தொடங்கு. தொடக்கத்தையும் முடிவையும் துணியிலும் எலாஸ்டிக்கிலும் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் கை தவறினாலும் கணக்கு தவறாது. முதுகுப் பக்கத்து இடுப்பிலும் ஓரளவு இழுவை வேண்டும். படுத்த குழந்தை முதுகை நெளிக்கும்போது துணி விலகி நிற்பது அங்கேதான். முன்வயிற்றில் இழுக்கவே வேண்டாம். பால் குடித்ததும் வயிறு உப்பும், ஓரம் அதில் பதியும். வெல்க்ரோ வைக்கும் பட்டையிலும் அப்படியே. இழுத்துத் தைத்தால் பட்டை சுருண்டுகொள்ளும், வெல்க்ரோ சரியாக ஒட்டாது. பட்டையின் மூலை வெளிவளைவு என்பதால் அங்கே எலாஸ்டிக்கை ஒரு துளி தளர்வாகவே விட வேண்டும். இல்லாவிட்டால் மூலை கிண்ணம்போலக் குழிந்துவிடும்.

வீட்டு மிஷினில் நேர்த்தையல் மட்டும்தானே வருகிறது, அது போதாதா என்று கேட்பாய். நியாயமான கேள்விதான், ஆனால் நேர்த்தையலில் நூல் அறுந்துபோகும். எலாஸ்டிக்கை இழுத்துத் தைத்த இடத்தில் துணி தன் முழு நீளத்துக்கு மேல் விரியாது, பிறகு நூல் ஏன் அறுகிறது? தொடை வளைவில் வெட்டு, துணியின் இழைகளுக்குக் குறுக்குச் சாய்வாக ஓடுகிறது. சாய்வாக வெட்டிய ஓரம் சாதாரணப் பருத்தியில்கூட இழுபடும். நீர் கசியாத பி.யு.எல். துணியோ அடிப்படையில் பின்னல் துணி, அதுவும் கொஞ்சம் நீளும். நேர்த்தையலில் அதற்கு ஈடுகொடுக்க நூல் மிச்சமிருக்காது, ஜிக்ஜாக்கில் இருக்கும். சேலைக்கு பீகோ அடிக்கும் மிஷினிலும் ஜிக்ஜாக் வரும், ஆகவே ஓரத்தை மட்டும் அங்கே கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். அதுவும் வாய்க்காவிட்டால் இந்த நாடாவையே விட்டுவிடு. ஓரத்தை மடித்துக் குழல்போலத் தைத்து, சாதாரண எலாஸ்டிக்கை சேஃப்டி பின் கொண்டு உள்ளே ஓட்டி, இரு முனையையும் தைத்துப் பிடி. அழகு கொஞ்சம் குறையும், வேலை செய்யும். எதில் தைத்தாலும் நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். ஊசி, இழுபடும் துணிக்கென்று விற்கும் மழுங்கிய முனை ஊசியாக இருந்தால் தையல் விட்டுப்போகாது. எலாஸ்டிக்கை ஊசிக்கு முன்னால் மட்டும் இழு. பின்னாலிருந்து துணியை இழுத்தால் ஊசி வளைந்து ஒடியும். பி.யு.எல். துணியில் குண்டூசி குத்தினால் ஓட்டை விழும், கிளிப் மாட்டிக்கொள்.

ஒழுகுவதற்குக் காரணம் விளிம்பல்ல, உறிஞ்சும் துணி போதாததுதான் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. கழற்றியதும் உள்துணியைத் தொட்டுப் பார். முழுவதும் நனைந்திருந்தால் அவர்கள் சொல்வது சரி, எந்த எலாஸ்டிக்கும் காப்பாற்றாது. நடுவில் உலர்ந்திருந்தும் தொடையருகே ஒழுகியிருந்தால் குற்றம் விளிம்பில். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: உள்ளே இருக்கும் பருத்தி அடுக்கு எலாஸ்டிக் மடிப்புக்குள் மாட்டிக்கொண்டால், அதன் வழியாகவே ஈரம் ஊர்ந்து வெளியே வந்துவிடும். பருத்தியை ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளியே வெட்டு.

இறுக்கினால் ஒழுகாது என்ற வாதத்தைத்தான் நான் ஏற்க மாட்டேன். அளவுக்கு மீறி இழுத்தால் துணி கொசுவம் கொசுவமாகச் சுருங்கி, ஒவ்வொரு கொசுவமும் ஒரு வாய்க்காலாகிவிடும். தோலும் புண்ணாகும். அமெரிக்காவில் நாப்பிக்கு மேல் மாட்டிய அந்தக் காலத்து ரப்பர் உறைகள் குழந்தையின் தோலைக் கிள்ளி, ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்தன. மேரியன் டொனோவன் என்ற பெண்மணி 1946இல் குளியலறைத் திரைத் துணியை வெட்டி மாற்று உறை தைக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு பாராசூட் நைலானுக்கு மாறினார்; அந்த உறை 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் விற்பனைக்கு வந்தது. உன் நாப்பியை அவிழ்க்கும்போது தொடையில் லேசான கோடு தெரிந்து சற்று நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாமல் சிவந்து நின்றால் தையலைப் பிரித்துவிடு.

வீட்டுப் பெரியவர்கள் நாப்பியைக் கொதிக்க வைக்கச் சொல்வார்கள். பருத்தி உள்துணிக்கு அது சரி, எலாஸ்டிக்கை அந்தச் சூடு சீக்கிரமே தளர்த்திவிடும். பிளீச்சும் அப்படித்தான். அதனால் உள்துணியைத் தனியாகக் கழற்றும்படி தை. வெளியுறையை சாதாரண நீரில் அலசி நிழலில் காயப்போடச் சொல். முதல் நாப்பியை நல்ல துணியில் தொடங்காதே. பழைய டி-ஷர்ட்டில் ஒரு தொடை வளைவை மட்டும் வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பி.யு.எல். துணியில் கத்தரி வை.

அன்புடன்,
பெரியம்மா