பழைய படகும் புதிய திருகாணியும்



பெரம்பலூரிலும் அரியலூரிலும் வாழும் நமக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் பாய்மரப் படகிலுள்ள ஒரு சிறு திருகாணி நமக்கும் இயற்பியல் கற்பிக்கும். எனக்கு அது கற்பித்த பாடத்தைக் கேளுங்கள்.

சென்னையில் என் நண்பர் ஒருவர் பழைய சிறு பாய்மரப் படகு வைத்திருந்தார். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைச் சுற்றிக் கட்ட, அதன் தளத்தில் இரு கொம்புள்ள அலுமினியப் பிடி ஒன்று இருந்தது. அதன் திருகாணிகள் தேய்ந்திருந்தன. 'பித்தளை துருப்பிடிக்காதே!' என்ற துணிவில் நான்கு பித்தளைத் திருகாணிகளை நானே முடுக்கினேன். இரண்டு ஆண்டுகள் சென்றன. ஒருநாள் பலத்த காற்றில் பிடி பெயர்ந்து பறந்தது. கயிறு உருவி ஓடி நண்பரின் உள்ளங்கையைக் கிழித்தது. பார்த்தால், திருகாணிகள் அப்படியே இருந்தன. துளைகளைச் சுற்றியிருந்த அலுமினியமோ வெண்பொடியாய் உதிர்ந்திருந்தது!

காரணம் என்ன? இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், அது ஒரு மின்கலம். எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம் அயனிகளாகக் கரையும், மற்றது தப்பும். இங்கே கரைந்தது அலுமினியம். வகுப்பில் மின்கலம் பற்றிப் பாடம் நடத்தும் நானே படகில் ஒரு மின்கலத்தைச் செய்து வைத்துவிட்டேன்!

இந்தத் தவறு எனக்கு முன்பே நடந்ததுதான். மரத்தைத் துளைக்கும் புழுக்களிடமிருந்து காக்க, 1761இல் பிரிட்டனின் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தி, இரும்பு ஆணிகளால் அறைந்தனர். 1763இல் சோதித்தபோது பல ஆணிகள் அரித்துப்போய்த் தகடுகள் கழன்றிருந்தன. செம்பின் பரப்பு பெரிது, ஆணியின் பரப்பு சிறிது. அதனால் அரிப்பு வெகு விரைவு. ஆனால் தகடு சுற்றிவந்த பழுப்புத் தாள் இடையே கிழியாமல் இருந்த இடங்களில் ஆணிகள் பிழைத்திருந்தன. தாள் இரு உலோகங்களையும் பிரித்துவிட்டதல்லவா?

நம் சென்னையில் துறைமுகம் அமையுமுன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிய மசூலாப் படகுகளில் இந்தத் தொல்லையே இல்லை. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை மோதும்போது அவை வளைந்து கொடுத்தன.

சரி, பழைய படகில் பிடியை எப்படி மாற்றுவது?

முதலாவது, உலோகம். பித்தளை கடலில் தன் துத்தநாகத்தை இழந்து வலுக்குன்றும், அது வேண்டாம். நாம் எவர்சில்வர் என்னும் துருவேறா எஃகில் 316 தரம் ஏற்றது. அதுவும் அலுமினியத்தைத் தொடாதபடி நைலான் வாஷர் இட வேண்டும்.

இரண்டாவது, பரப்பு. திருகாணியை மேலிருந்து முடுக்கினால் மட்டும் போதாது. போல்ட்டைத் தளத்தின் ஊடே செலுத்தி, அடியில் தகடு வைத்து நட்டை முடுக்க வேண்டும். கயிறு 80 கிலோகிராம் எடையளவு விசையுடன் மேல்நோக்கி இழுப்பதாகக் கொள்வோம். 1 சதுர செ.மீ. பரப்புள்ள நான்கு வாஷர்கள் மட்டும் இருந்தால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 20 கிலோகிராம் எடை. 8 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள தகடு வைத்தால் வெறும் 2 கிலோகிராம்!

மூன்றாவது, நீர். கண்ணாடியிழைத் தளங்கள் பலவற்றின் நடுவே மரம் இருக்கும். பழைய துளை வழியே நீர் புகுந்து அது மக்கும். மக்கிய மரத்தைச் சுரண்டி, நன்கு உலரவிட்டு, எப்பாக்சிப் பிசினால் நிரப்பி, இறுகியபின் புதிதாகத் துளையிட வேண்டும். பிடியின் அடியில் நீர்புகாப் பசை தடவுவதும் அவசியம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் உப்புநீர் எடுங்கள். ஒன்றில் வெறும் இரும்பு ஆணி, மற்றொன்றில் செப்புக் கம்பி இறுகச் சுற்றிய ஆணி, மூன்றாவதில் துத்தநாகத் துண்டு சேர்த்துக் கட்டிய ஆணி. ஒரு வாரம் குறித்து வாருங்கள். எது விரைவில் துருவேறும்? எது தப்பும்? ஏன்?

பிறகு உங்கள் ஊர்க் கிணற்று மோட்டாரருகே செல்லுங்கள். இரும்புக் குழாயும் பித்தளை வால்வும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். படகு இல்லாத ஊரிலும் அதே பாடம் காத்திருக்கும்!