தடேயஸ் ஸ்டீவன்ஸ்: நியாயவாதியும் சட்டசபையாளரும்

ஆபிரகாம் லிங்கனின் பெயரை அறியாத மாணவர் நம்மிடையே இலர். அடிமை ஒழிப்பைச் சட்டமாக்குதற்கு அக்காலத்துப் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று உழைத்த தடேயஸ் ஸ்டீவன்ஸ் என்பாரை அறிந்தோரோ மிகச் சிலர். பாடநூல்கள் ஓரிரு வரியிற் கடந்து செல்லும் அவரை இங்குச் சற்று விரிவாக நோக்குவோம்.

1792ஆம் ஆண்டில் வேர்மொண்ட் மாநிலத்திலே, ஓர் ஏழைச் சப்பாத்துத் தொழிலாளியின் மகனாக, வளைந்த பாதத்துடன் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். நான்கு ஆண்மக்களையும் தனித்து நின்று வளர்த்த தாய், இம்மகனை எவ்வாறேனும் படிப்பித்துவிட உறுதிபூண்டாள். 1814இல் டாட்மத் கல்லூரியிலே பட்டம் பெற்ற அவர், பென்சில்வேனியா மாநிலத்தின் யோர்க் நகரில் ஆசிரியராயிருந்துகொண்டே சட்டம் பயின்றார். நம் தொழிலைச் சில காலமேனும் செய்தவர் என்பதில் ஆசிரியராகிய எமக்கு ஒரு மகிழ்ச்சி. 1816இல் கெற்றிஸ்பேர்க்கில் நியாயவாதியாகத் தொழில் தொடங்கினார்.

அத்தொழிலில் அவர் பெற்ற ஒரு வெற்றியை மறைத்தல் தகாது. பிற மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கினால் விடுதலை பெறலாம் என்பது அங்கிருந்த சட்டம். மேரிலாந்திலிருந்து வந்த சரிற்றி பட்லர் என்னும் பெண் அதனைக் காட்டித் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் விடுதலை கோரினாள். ஸ்டீவன்ஸ் நின்றதோ எசமானன் பக்கம். விட்டுவிட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டுதல் ஆகாது, ஆறு மாதமும் தொடர்ச்சியாயிருத்தல் வேண்டும் என்று வாதித்தார். 1821இல் நீதிமன்றமும் அவ்வாறே தீர்த்தது. சட்டம் வென்றது, அப்பெண் அடிமையாகவே மீண்டாள். பிற்காலத்தில் அவர் ஓடிவந்த அடிமைகளின் பக்கமே நின்று வாதாடினார். அவ்வழக்கு அவர் நெஞ்சைச் சுட்டது என்பர் சிலர். நாம் அவருடைய பின்னைய செயல்களையே சான்றாகக் கொள்கின்றோம்.

அச்செயல்களுள் கல்வி உலகம் முதலில் நினைக்கத்தக்கது ஒன்றுண்டு. பென்சில்வேனியாவில் முன்னர் இலவசக் கல்வி பெறவேண்டின், பெற்றோர் தம்மைப் பரம ஏழைகளெனப் பதிவுசெய்தல் வேண்டும். மானமுள்ளோர் அதற்கு உடன்படாது பிள்ளைகளை வீட்டிலே நிறுத்தினர். 1834இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது வரிப்பணத்திலே பள்ளி அமைக்கும் சட்டம் நிறைவேறியது. வரி கூடிற்று, எதிர்ப்பும் கூடிற்று. மறு ஆண்டிலே மேற்சபை அச்சட்டத்தை நீக்கத் தீர்மானித்தது. கீழ்ச்சபையும் நீக்கிவிடும் என்றே யாவரும் எண்ணினர். அந்நிலையில், 1835 ஏப்பிரலில், ஸ்டீவன்ஸ் எழுந்தார். பிள்ளையில்லாதவன் பள்ளிக்கு வரி கொடுப்பது ஏன் என்று கேட்டோர்க்கு, நீதிமன்றத்தையும் சிறைச்சாலையையும் ஒருநாளும் நாடாத குடியானவன் அவற்றிற்கு வரி கொடுக்கவில்லையா என வினவினார். ஏழைப் பட்டியல் பிள்ளையின் நெற்றியிற் குத்தும் சூடு என்றும் காட்டினார். அச்சட்டத்தை ஆதரித்த ஆளுநர் வுல்வ் தமக்கு அரசியற் பகைவராயிருந்தும் அவரை மனந்திறந்து பாராட்டினார். சபை மனம் மாறியது, சட்டம் நிலைத்தது. கட்சிக்காகவே கைதூக்குவோர் இதனைச் சற்று நினைத்தல் நன்று.

1838இல் திருத்தப்பட்ட மாநில அரசியலமைப்பு வெள்ளையர்க்கு மட்டுமே வாக்குரிமை அளித்தமையால், அதிற் கையொப்பமிட மறுத்தார். 1848இல் ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். உள்நாட்டுப் போரின்போது வரிவருவாய்க் குழுவின் தலைவராய்ப் போர்ச்செலவுக்குப் பணம் தேடினார். 1863இல் தென்னவர் படை அவருடைய இரும்பாலையைத் தீயிட்டழித்தது. அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாந் திருத்தத்திற்கும், சட்டத்தின்முன் சமத்துவம் அளித்த பதினான்காந் திருத்தத்திற்கும் அவர் உழைப்புப் பெரிது. விடுதலை பெற்றோர்க்குக் குடும்பத்திற்கு நாற்பது ஏக்கர் நிலம் வழங்கவேண்டும் என்ற அவர் திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. நிலமில்லாதவன் வாக்குச்சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அத்தோல்வியே அவருடைய தோல்விகள் யாவினும் பெரிதென நாம் கருதுகின்றோம்.

1868இல் சனாதிபதி ஆண்ட்ரூ ஜோன்சன்மீது குற்றப் பிரேரணை கொண்டுவந்தோருள் அவர் முதன்மையானவர். நடக்கவியலாத அவரை நாற்காலியில் வைத்தே சபைக்குத் தூக்கிச் சென்றனர். ஒரே வாக்கு வேறுபாட்டாற் சனாதிபதி தப்பினார். அவ்வாண்டு ஆவணி 11ஆந் திகதி ஸ்டீவன்ஸ் காலமானார்.

லங்காஸ்டர் நகரின் பெரிய மயானங்கள் அக்காலத்திற் கறுப்பின மக்களை ஏற்கவில்லை. ஆதலால் எவ்வினத்தாரையும் ஏற்கும் ஒரு சிறு மயானத்தையே அவர் தமக்கெனத் தெரிந்தெடுத்திருந்தார். அக்காரணத்தையும் கல்லறைக் கல்லில் எழுதுவித்தார். இன வேறுபாடின்றி அநாதைப் பிள்ளைகளைப் பயிற்றுதற்கென அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து எழுந்த கல்விச்சாலை அந்நகரிலே இன்றும் அவர் பெயருடன் நடைபெறுகின்றது.