கண்ணாடி இழை வாயிலுக்கு வந்த பின்

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டம், பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றுக் கிராம ஊராட்சிகளை இழை வடத்தால் இணைக்கும் பணியை மேற்கொண்டது. 2019 டிசம்பரில் தேசிய அகன்ற அலைவரிசை இயக்கம் தொடங்கப்பட்டது. நகரங்களில் இழை வடம் வீட்டு வாயில்வரை வந்து சேர்ந்துள்ளது. இத்துணை முதலீடும் இறுதியில் கூடத்துச் சுவரில் பொருத்தப்படும் ஒரு சிறு ரூட்டர் பெட்டியில் வந்து முடிகிறது. அப்பெட்டிக்கும் மாடியறையில் பாடம் கேட்கும் மாணவியின் கைப்பேசிக்கும் இடையேயுள்ள 10 அல்லது 15 மீட்டர் தூரம் திட்ட விவாதங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆயினும், வாங்கிய இணைப்பு பயன்படுமா, படாதா என்பதைப் பல வீடுகளில் அத்தூரமே தீர்மானிக்கிறது.

நம் நாட்டு வீடுகளின் கட்டுமானம் இதற்கு முதற்காரணமாகும். ஒன்பது அங்குலச் செங்கற்சுவரும் இரும்புக் கம்பிகள் பின்னிய கான்கிரீட் தளமும் வைஃபை அலைகளைப் பெரிதும் வலுவிழக்கச் செய்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைவிட விரைவில் தளர்கின்றன. எனவே ஒரு பெட்டி போதாதபோது, வீட்டின் பல இடங்களில் ஆக்சஸ் பாயின்ட் எனப்படும் ஒலிபரப்பு முனைகளை வைக்க வேண்டியுள்ளது. கடைகளில் இது ‘மெஷ்’ என்னும் பெயரில் விற்கப்படுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். இம்முனைகள் தமக்குள் கம்பியின்றியே பேசிக்கொண்டால், ஒரே அலைவரிசையில் தகவலை ஒருமுறை வாங்கி மறுமுறை அனுப்ப நேரிடும். ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். தனி ரேடியோ பொருத்திய விலையுயர்ந்த கருவிகளில் இக்குறை ஓரளவு நீங்குமெனினும், கான்கிரீட் தளத்தைக் கடக்கும் தொல்லை அவற்றுக்கும் உண்டு. முனை ஒவ்வொன்றையும் ஈதர்நெட் கம்பிவடத்தால் ரூட்டருடன் இணைத்துவிட்டால் இவ்விழப்பு இல்லை. கேட் 5இ வகை வடமே 100 மீட்டர்வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். வடத்தின் வழியே மின்சாரத்தையும் அனுப்பும் முறை 2003-இல் தரப்படுத்தப்பட்டது. எனவே மேற்கூரையில் வைக்கும் முனைக்குத் தனி மின்இணைப்பும் வேண்டுவதில்லை. கண்டிப்பாகச் சொல்வதாயின் கம்பியால் இணைந்த அமைப்பு மெஷ் அன்று. வணிகப் பெயர் நிலைத்துவிட்டது, அவ்வளவே.

அமைக்கும் முறையில் பெரும்பாலோர் தவறுவது ஓரிடத்தில்தான். இரண்டாவது ரூட்டரை வாங்கி மாடியில் வைக்கும்போது, அதை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றாமல் ரூட்டராகவே விட்டுவிடுகின்றனர். அப்போது வீட்டில் இரண்டு தனி வலையமைப்புகள் உண்டாகின்றன. மாடியேறுபவரின் கைப்பேசி புதிய ஐ.பி. முகவரி பெற நேர்வதால் நடந்துகொண்டிருக்கும் உரையாடல் அறுபடுகிறது. முகவரி வழங்கும் பொறுப்பு ஒரே ஒரு ரூட்டரிடம் இருத்தல் வேண்டும். ஏனைய முனைகள் தகவலைக் கடத்துபவையாக மட்டும் நிற்றல் வேண்டும். எல்லா முனைகளிலும் வலைப்பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை ஆகிய மூன்றும் ஒன்றாகவும், அலைத்தடங்கள் வெவ்வேறாகவும் இருத்தல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றே.

ஒரு முனையை விட்டு மற்றொன்றுக்கு மாறும் முடிவை எடுப்பது ரூட்டர் அன்று, கைப்பேசியே. ஐபோன், தன்னிடம் வந்துசேரும் அலையின் வலிமை மைனஸ் 70 டெசிபல்-மில்லிவாட் அளவுக்குக் கீழே தாழ்ந்த பிறகே வேறு முனையைத் தேடத் தொடங்குகிறது. 802.11 தரத்தின் கே பிரிவு அண்டை முனைகளின் பட்டியலைக் கைப்பேசிக்குத் தருகிறது. வி பிரிவு மாறும்படி பரிந்துரைக்கிறது. ஆர் பிரிவு சாவிகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்து மாறும் நேரத்தைக் குறைக்கிறது. பொதுக் கடவுச்சொல் கொண்ட வீடுகளில் ஆர் பிரிவின் பயன் சிறிதே. அலுவலகங்களில்தான் அது மிகுதி. சில பழைய கருவிகள் ஆர் பிரிவு இயங்கும் வலையில் சேரவே மறுப்பதும் உண்டு.

இவற்றைவிட முக்கியமானது ஒலிபரப்புத் திறனைக் குறைத்தலாகும். விலை கொடுத்து வாங்கிய கருவியை முழுத்திறனில் இயக்குவதே இலாபம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கீழ்த்தளத்து முனை மாடியிலும் உரக்கக் கேட்குமாயின், கைப்பேசி அதையே பற்றிக்கொண்டு நிற்கும். கைப்பேசியின் திறனோ சிறிது. அது பேசுவது கீழே எட்டாது. எனவே குறைந்த திறனுடைய இரண்டு மூன்று முனைகள், உரத்த ஒன்றைவிட நன்கு பயன்படும்.

இதில் பொருளியல் நோக்கில் கருதத்தக்க ஒன்றும் உள்ளது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005 ஜனவரியில் உரிம விலக்கு அளிக்கப்பட்டது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறக்கப்பட்டது. உரிமமற்ற அலைவரிசை ஊர்ப் பொதுவிலுள்ள மேய்ச்சற் புறம்போக்கைப் போன்றது. யாவரும் மேய்க்கலாம், எவரும் விலை கொடுப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் முழுத்திறனில் ஒலிபரப்பினால், அதன் விலையை அடுத்த வீட்டு மாணவர் தம் பாடத்தில் கொடுக்கிறார். அவரும் பதிலுக்குத் திறனைக் கூட்டினால் இருவருக்கும் இழப்பே. முனைகளுக்கிடையேயான போக்குவரத்தைக் கம்பிவடத்திற்கு மாற்றும் குடும்பம், தன் தேவையை நிறைவுசெய்துகொள்வதோடு பொதுநிலத்தின் நெரிசலையும் தணிக்கிறது.

தடை கருவியின் விலையன்று, சுவரே. கட்டி முடித்த வீட்டில் சுவரை வெட்டி வடம் பதிப்பது செலவும் தூசியும் மிக்க வேலை. வாடகை வீட்டில் உரிமையாளரின் இசைவும் வேண்டும். கட்டும்போதோ, மின்கம்பிக் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பி.வி.சி. குழாயைப் பதிப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களை அவற்றின் இணைய இணைப்புத் தரத்தின்படி மதிப்பிட்டு நட்சத்திரக் குறியீடு வழங்கும் விதிமுறைகளை 2024 அக்டோபரில் வெளியிட்டது. வீடு வாங்குவோர் குடிநீரையும் கார் நிறுத்துமிடத்தையும் போல இதையும் கேட்கத் தொடங்கினால், கட்டுநர் குழாயைப் பதிக்கத் தவறமாட்டார். தனி வீடு கட்டுவோர் செய்யவேண்டியது அதனினும் எளிது: தளம் போடுவதற்கு முன்பே, ரூட்டர் அமையும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுக்கூரைக்கும் ஒரு வெற்றுக் குழாயை, மின்கம்பிகளோடு கலவாமல் தனியே கொண்டுசென்று, பின்னாளில் வடத்தை இழுப்பதற்கென அதனுள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைக்கும்படி மின்பணியாளரிடம் வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்துவிடலாம்.