நிற்கும் பீரங்கியும் ஓடும் டாங்கியும்

தஞ்சை மாநகரின் கீழவாசலை அடுத்த பீரங்கி மேட்டில் இராஜகோபால பீரங்கி என்னும் பெருங்கருவி கிடத்தலை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். அது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரகுநாத நாயக்கர் காலத்தில் செய்யப்பட்டது என்பர். ஏறத்தாழ 25 அடி நீளமும், 20 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. அஃது அச்சில் வார்த்ததன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழல்போல் அடுக்கி, அவற்றின்மேல் காய்ச்சிய வளையங்களை வரிசையாக மாட்டி, அடித்து ஒன்றாக்கியது. பல தலைமுறைகளின் வெயிலையும் மழையையும் ஏற்றும் அஃது உருக்குலையாது இருக்கின்றது. அசையும் உறுப்பு ஒன்றேனும் அதற்கு இல்லாமையின், அதனைக் காத்தல் எளிது.

பிற்காலத்துப் போர்க்கருவியாகிய டாங்கியை இவ்வாறு காத்தல் இயலுமோ? பழைய டாங்கியை மேடைமேல் நிறுத்தி வைத்தல் தக்கதோ, செப்பனிட்டு ஓட்டி வருதல் தக்கதோ? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

1. வயலிற் பிறந்த கருவி

டாங்கியை ஏனைய வண்டிகளினின்றும் வேறுபடுத்துவது, அதன் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையாகும். இப்பட்டை பயன்பெற்று வளர்ந்த இடம் உழவு நிலம் என்பது அறியத்தக்கது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஸ்டாக்டன் நகரையடுத்த ஆற்றுக் கழிமுகம், நம் காவிரிக் கழிமுகம்போலவே மெத்தென்ற மண்ணுடையது. அங்கே நீராவி உழவு யந்திரங்கள் புதையக் கண்ட பெஞ்சமின் ஹோல்ட் என்பார், 1904ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரப்பலகைகள் கோத்த சங்கிலியை மாட்டிச் சோதித்தார். யந்திரம் புதையாமற் சென்றது.

அவருடைய யந்திரங்கள் முதல் உலகப்போரில் பீரங்கிகளை இழுத்தன. அவற்றைக் கண்டே கவசம் பூண்ட சங்கிலி வண்டியை ஆங்கிலேயர் கருதினர். 1915இல் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது, லிங்கன் நகரில் உழவுக் கருவிகள் செய்துவந்த வில்லியம் பாஸ்டர் கம்பெனியே. 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டு சோம் போர்க்களத்தில் டாங்கி முதன்முறையாகப் போரிற் புகுந்தது.

இதன் தத்துவம் எளியது. சேற்றில் நடப்பவன் பலகையை இட்டு அதன்மேல் நடந்தால் புதையான். எடை குறைந்ததனால் அன்று, அது பரந்து நின்றதனால். சங்கிலி வண்டியும் தன் பலகையைத் தானே முன்னே விரித்துப் பின்னே சுருட்டிக்கொண்டு செல்கின்றது. இன்று சம்பா அறுவடையில், ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதையுமிடத்துப் பெல்ட் வண்டியை நம் உழவர் அழைப்பதும் இதுபற்றியே. வயலினின்று போருக்குச் சென்ற பட்டை, மீண்டும் வயலுக்கு வந்துளது எனலாம்.

2. ஆவடியின் விஜயந்தா

நம் மாநிலத்திற்கும் டாங்கிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னையை அடுத்த ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையினின்று 1965ஆம் ஆண்டு விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அமைப்பு இங்கிலாந்து நாட்டு விக்கர்ஸ் கம்பெனியாருடையது. எடை ஏறத்தாழ 39 டன், பீரங்கியின் வாய் 105 மில்லிமீட்டர், செலுத்துவோர் நால்வர். இத்துணை எடையும் சங்கிலியிற் பரவுதலால், நிலத்தின் ஒரு சதுர சென்டிமீட்டர்மேல் ஒரு கிலோவுக்கும் குறைந்த பாரமே விழும். சிறிய மோட்டார் காரின் டயர் இதனினும் மிகுதியாக அழுத்தும்.

இதன் லேலண்டு எஞ்சின் விந்தையானது. ஆறு சிலிண்டர்களுள் பன்னிரண்டு பிஸ்டன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டாக எதிரெதிர் நின்று இயங்கும். ஆற்றல் மிக்கதாயினும் மிகுந்த கவனத்தை வேண்டுவது. 1971ஆம் ஆண்டுப் போரிலும் பணிபுரிந்த விஜயந்தா, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஓய்வுபெற்றது. அவற்றுட் சில நாட்டின் பல ஊர்களில் மேடைகள்மீது நிற்கின்றன.

3. பேணும் முறை

மேடைமேல் நிற்கும் டாங்கிக்கு நேர்வது யாது? மேல்மூடியின் இடுக்கு வழியே மழைநீர் இறங்கி அடித்தட்டில் தேங்கும். சக்கரங்களின் ரப்பர் வெடிக்கும். பிஸ்டன் வளையங்கள் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே ஆண்டுதோறும் பச்சை வர்ணம் பூசுவர். உள்ளே நோய் வளரும். ஆகவே நிறுத்தி வைப்பினும், நீர்போக்குத் துளைகளைத் திறந்து வைத்தலும், மூடிகளைச் செம்மையாக அடைத்தலும் இன்றியமையாதன.

ஓட்டக் கருதுவோர் முறையாகச் செய்யவேண்டுவன பின்வருமாறு:

முதலாவது, நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே முடுக்கலாகாது. பழைய எரிபொருளை வடித்து, தொட்டியின் அடியில் தங்கிய நீரையும் கசடையும் நீக்கி, எண்ணெயை மாற்றி, எரிபொருள் செல்லாதபடி மெல்லச் சுழற்றி, எண்ணெய் எங்கும் பரவியபின்னரே முடுக்க வேண்டும்.

இரண்டாவது, முடுக்கினால் முழுச்சூடு ஏறும்வரை ஓடவிட வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது நன்மை செய்வதுபோலத் தோன்றித் தீமை செய்யும். எரிதலில் உண்டான நீராவி குளிர்ந்து எண்ணெயிற் கலந்து தங்கிவிடும்.

மூன்றாவது, சங்கிலியின் இறுக்கத்தை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். தளர்ந்தால் கழன்றுவிடும், மிகவும் இறுக்கினால் ஊசிகளும் பற்சக்கரமும் தேயும். நம் களிமண் பற்களிடையே அப்பிக் காய்ந்தால் சங்கிலியையே தள்ளிவிடும். ஆதலின் சேற்றில் ஓடிய அன்றே கழுவவேண்டும். கெட்டித் தரையில் நின்றவிடத்தே திருப்புதலும் ஆகாது.

நான்காவது, செலுத்துவோன் கண்ணுக்கு அருகில் நிற்பவர் புலப்படார். எனவே வழிகாட்டி ஒருவர் முன்னே நிற்கவேண்டும். தீயணைப்புக் கருவி கையெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

4. இரு தீமைகளின் நடுவே

ஓடாவிடின் துருப்பிடிக்கும், ஓடினால் தேயும். தேய்ந்த உறுப்பைச் செய்வாரும் இன்று இலர். இவ்விடுக்கணுக்குச் சிறந்த சான்று, 1943ஆம் ஆண்டு ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டானியர் கைப்பற்றிய ஜெர்மானிய டைகர் டாங்கியாகும். இங்கிலாந்தின் பாவிங்டன் காட்சிச்சாலையார் அதனைப் பல்லாண்டுகள் உழைத்து ஓடும் நிலைக்குக் கொணர்ந்தனர். ஆயினும் அதனை ஆண்டிற் சில நாட்களே ஓட்டுகின்றனர். அளவறிந்து ஓட்டுதலே அவர் கண்ட நடுவழி.

அவ்வழி நடப்போர் மேலும் இரண்டு கடமைகளை மேற்கொள்ளல் வேண்டும். கழற்றிய பழைய உறுப்பை எறியாது, எப்பொழுது, எதனால் கழற்றப்பட்டதெனச் சீட்டெழுதிக் கட்டி வைத்தல் ஒன்று. ஓடிய மணிநேரம், கேட்ட ஓசை, செய்த பழுது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவருதல் மற்றொன்று. இரும்பு அழிவதற்கு முன்னே அதனை ஓட்டத் தெரிந்தவரின் அறிவு அழிந்துபோகும். விஜயந்தாவின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர்கள் இன்று முதியோர். அவர்கள் கையறிவை இளைஞர் இப்பொழுதே கேட்டுக் கொள்ளாவிடின், பிற்காலத்தார்க்கு எஞ்சுவது வெறும் இரும்புக் கூடே.

ஆகவே, ஓய்வுபெற்ற டாங்கி ஒன்றைத் தம் வளாகத்தில் நிறுத்த விரும்பும் நிறுவனத்தார், மேடை கட்டுமுன் அதனைப் பேணும் இருவரைத் தேடுவாராக. ஒருவர் ஆவடியில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர். மற்றவர் அறுவடைக் காலத்தில் பெல்ட் வண்டியின் சங்கிலியை இறுக்கிப் பழகிய நம் கழிமுகத்து மெக்கானிக். இவ்விருவரும் ஒருங்கே கிடைப்பரேல் டாங்கி ஓடும். கிடையாராயின், அதனை வேண்டாதிருத்தலே அக்கருவிக்குச் செய்யும் மரியாதையாகும்.